நாடு இல்லாத மாலுமி
ஜோசப் கான்ராட் வாழ்க்கை வரலாறு

1884-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். சென்னைத் துறைமுகத்தில் வேலையை இழந்த ஒரு வெள்ளைக்கார வாலிபர் ரெயில் ஏறி பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். வயது 26. கையில் இரண்டாவது மேட் பரீட்சை தேறிய சர்ட்டிபிகேட் இருந்தது. பழைய கப்பலின் கேப்டன் நல்ல நடத்தைக்குச் சான்று எழுதித் தர மறுத்திருந்தார். புது வேலை தேட வேண்டும். திரும்பிப் போக ஒரு சொந்த நாடும் அவருக்கு இல்லை.

அவர் பேசிய ஆங்கிலம் கொச்சையாக இருந்தது. பெயரை எந்த கிளார்க்கும் சரியாக எழுதியதில்லை. அவர்தான் பின்னாளில் ஆங்கில இலக்கியத்தின் பெரும் நாவலாசிரியர்களில் ஒருவராகப் புகழ் பெற்ற ஜோசப் கான்ராட். தாய்மொழி போலிஷ். இரண்டாவது மொழி பிரெஞ்சு. 20 வயதுக்கு மேல் கற்ற மூன்றாவது மொழியில் அவர் உலகப் புகழ் அடைந்தார்.

அந்தப் புகழுக்கு முன்னால் ஒரு நீண்ட போராட்டம் இருக்கிறது. ஒரு நாட்டின் பிரஜையாக ஆவதற்காக அவர் நடத்திய போராட்டம் அது.

சிறையில் தந்தை

கான்ராட் 1857-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி பெர்டிச்சிவ் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. அன்று ரஷ்ய சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. பெற்றோர் வைத்த பெயர் யோசெப் தியோடோர் கோன்ராட் கோஷெனியோவ்ஸ்கி.

போலந்து என்ற நாடு அப்போது உலக வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதைப் பங்கு போட்டுக்கொண்டு விட்டன. 1795-ம் ஆண்டோடு அந்தப் பங்கீடு முடிந்துவிட்டது. போலந்து மக்கள் மூன்று அரசுகளின் பிரஜைகளாகச் சிதறிக் கிடந்தார்கள்.

தந்தை அப்போலோ ஒரு கவிஞர். ஷேக்ஸ்பியரையும் விக்டர் ஹியூகோவையும் போலிஷ் மொழியில் பெயர்த்தவர். நாட்டு விடுதலைக்கு ரகசியமாகப் பாடுபட்டதற்காக 1861-ம் ஆண்டு அக்டோபரில் வார்சா நகரில் கைதானார். மறு ஆண்டு வடக்கே வெகு தூரத்தில், குளிர் வாட்டும் வோலோக்டா நகருக்கு நாடு கடத்தப்பட்டார். மனைவி ஏவாவும் 4 வயது மகனும் கூடவே போனார்கள். வழியில் சிறுவனுக்குக் கடும் நோய் கண்டது. எப்படியோ பிழைத்தான்.

தாய் பிழைக்கவில்லை. 1865-ம் ஆண்டு ஏப்ரலில் காச நோய்க்குப் பலியானார். பையனுக்கு அப்போது 7 வயது. நோயாளியாகிவிட்ட தந்தையைப் பிறகு விடுதலை செய்தார்கள். ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த கிராக்கோ நகரில் 1869-ம் ஆண்டு மே மாதம் அவரும் இறந்தார். ஊரே திரண்ட சவ ஊர்வலத்தின் முன்னால் 11 வயதுச் சிறுவன் நடந்து போனான்.

கைவிரித்தது ஆஸ்திரியா

அனாதையான பையனைத் தாய்மாமன் ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். கண்டிப்பானவர். மருமகனுக்குச் செலவிட்ட தொகையை எல்லாம் கணக்கு நோட்டில் எழுதி வைத்தவர். ஆனால் கேட்டபோதெல்லாம் கொடுத்தவரும் அவரே.

மாமனுக்கு ஒரு கவலை இருந்தது. பையன் சட்டப்படி ரஷ்யப் பிரஜை. வயது வந்ததும் ரஷ்யா அவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிடும். ராஜத் துரோகக் குற்றவாளியின் மகன் என்பதால் நீண்ட காலம் வதைபட நேரும். எனவே 1872-ம் ஆண்டில் அவனை ஆஸ்திரியப் பிரஜை ஆக்கிவிடக் குடும்பத்தார் முயன்றார்கள். மனு பலிக்கவில்லை. ரஷ்யா அவனைத் தன் பிரஜா பந்தத்திலிருந்து விடுவிக்காத வரையில் ஆஸ்திரியா ஏற்காது. ரஷ்யாவோ விடுவிக்காது. இந்த முடிச்சு இன்னும் 17 ஆண்டுகள் அவர் கழுத்தில் கிடந்தது.

பையனுக்குக் கடல் மீது ஆசை. 1874-ம் ஆண்டு அக்டோபரில், 17 வயது நிரம்பும் முன்பே, பிரான்சில் உள்ள மார்சேல் துறைமுகத்துக்கு ரெயில் ஏறினான்.

மார்சேலில் துப்பாக்கிக் குண்டு

பிரெஞ்சுக் கப்பல்களில் வேலை கிடைத்தது. மேற்கிந்தியத் தீவுகள் வரை போய் வந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து இடி விழுந்தது. ரஷ்யப் பிரஜை ஒருவர் பிரெஞ்சுக் கப்பலில் வேலை செய்ய வேண்டுமானால் ரஷ்ய அதிகாரிகளின் அனுமதி வேண்டும். பட்டாளத்துக்குப் போக வேண்டிய வயதில் இருப்பவருக்கு அந்த அனுமதி எப்படிக் கிடைக்கும்? பிரெஞ்சுக் கப்பல்களின் கதவு மூடிக்கொண்டது.

கையிலிருந்த பணம் கரைந்தது. நண்பரிடம் கடன் வாங்கிச் சூதாடினார். அதுவும் போயிற்று. 1878-ம் ஆண்டு தொடக்கத்தில் துப்பாக்கியை மார்பில் வைத்துச் சுட்டுக்கொண்டார். குண்டு இதயத்தில் படாமல் போனதால் உயிர் தப்பினார். தந்தி கிடைத்ததும் தாய்மாமன் கீவ் நகரிலிருந்து ஓடி வந்தார். கடன்களை அடைத்தார். துவந்த யுத்தத்தில் காயம் பட்டதாக ஊருக்குச் சொல்லப்பட்டது. கான்ராடும் கடைசி வரை அந்தக் கதையையே சொல்லி வந்தார்.

வேலை செய்யத் தெம்பு இருந்தது. மனமும் இருந்தது. இல்லாதது ஒரு காகிதம். அதற்காக ஒரு வாலிபர் சாவின் விளிம்பு வரை போய் வந்தார்.

யாரும் கேட்காத கரை

அந்த ஆண்டு ஏப்ரலில் மேவிஸ் என்ற பிரிட்டிஷ் நீராவிக் கப்பலில் ஏறினார். ஜூன் 10-ந் தேதி இங்கிலாந்தின் லோஸ்டாப்ட் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆங்கிலமும் சில சொற்களுக்கு மேல் தெரியாது.

ஆனால் அன்றைய இங்கிலாந்தில் ஒரு வசதி இருந்தது. கரையில் இறங்குகிற அன்னியனைப் பாஸ்போர்ட் எங்கே என்று யாரும் மடக்குவதில்லை. வந்து குடியேறுகிறவர்களைச் சோதித்துத் தடுக்கும் அன்னியர் சட்டம் 1905-ல்தான் வந்தது. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களிலும் எந்த நாட்டானும் வேலை செய்யலாம். பரீட்சை தேறினால் அதிகாரியாகவும் ஆகலாம்.

லோஸ்டாப்டுக்கும் நியூகாசிலுக்கும் இடையே நிலக்கரி ஏற்றிப் போன ஒரு சிறு கப்பலில் மாதம் 1 ஷில்லிங் சம்பளத்துக்குச் சேர்ந்தார். கூட வேலை செய்த மாலுமிகளே அவருக்கு ஆங்கில ஆசிரியர்கள். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் இடம் கிடைத்தது. 1880-ம் ஆண்டு மே மாதம் இரண்டாவது மேட் பரீட்சை எழுதித் தேறினார்.

சென்னையிலிருந்து பம்பாய்

1883-ம் ஆண்டு செப்டம்பரில் ரிவர்ஸ்டேல் என்ற பாய்மரக் கப்பலில் இரண்டாவது மேட்டாக லண்டனை விட்டுப் புறப்பட்டார். கேப்டனுக்கும் அவருக்கும் ஒத்துப் போகவில்லை. 1884 ஏப்ரலில் கப்பல் சென்னைக்கு வந்ததும் தகராறு முற்றியது. வேலை போயிற்று. ரிவர்ஸ்டேல் சென்னையை விட்டுப் போன பிறகு மசூலிப்பட்டணம் அருகே தரை தட்டி நின்றது. விசாரணையில் கேப்டன் மீதே குற்றம் என்று தீர்ப்பானது.

கான்ராட் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. ரெயில் ஏறி பம்பாய்க்கு வந்தார். துறைமுகத்தில் நின்ற நார்சிசஸ் என்ற பாய்மரக் கப்பலில் அதே மாதத்தில் வேலை கிடைத்தது. ஜூன் மாதம் பம்பாயை விட்டுக் கிளம்பிய அந்தக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, அக்டோபரில் பிரான்சின் டன்கர்க் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணத்தில் கண்ட மனிதர்களையும் புயலையும் வைத்து அவர் எழுதிய நாவல் 1897-ல் வெளிவந்தது. அவரைப் பெரிய எழுத்தாளர்களின் வரிசையில் சேர்த்த முதல் நூல் அதுதான்.

லண்டன் திரும்பியதும் முதல் மேட் பரீட்சை எழுதினார். நவம்பரில் தோல்வி. மீண்டும் எழுதி டிசம்பர் 3-ந் தேதி, தமது 27-வது பிறந்த நாளில் தேறினார். பின்னாளில் சுயசரிதை எழுதியபோது தோற்ற பரீட்சைகளைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

மனு கொடுத்தார்

தாய்மாமனின் கடிதங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. எந்த நாட்டுப் பிரஜையாகவாவது ஆகிவிடு என்பதே அது. மருமகனைப் பார்க்க அவருக்கு ஆசை. ஆனால் ரஷ்ய எல்லைக்குள் கால் வைத்தால் பட்டாளம் பிடித்துக்கொள்ளும்.

1886-ம் ஆண்டு ஜூன் மாதம் கல்கத்தாவிலிருந்து வந்த டில்க்கர்ஸ்ட் கப்பலில், சணல் நகரமான டண்டியில் இறங்கினார். லண்டன் வந்து ஜூலை 2-ந் தேதி பிரிட்டிஷ் குடியுரிமைக்கு மனுச் செய்தார்.

பழைய காலத்தில் இது பணக்காரர்களுக்கும் செல்வாக்கு உள்ளவர்களுக்கும் மட்டுமே எட்டும் காரியம். ஜெர்மனியிலிருந்து வந்த இசை மேதை ஹாண்டல் 1727-ல் பிரிட்டிஷ் பிரஜை ஆவதற்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. கான்ராட் காலத்தில் 1870-ம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்தது. அதன்படி கடைசி 8 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் நாட்டில் வசித்திருக்க வேண்டும், அல்லது அரசுப் பணியில் இருந்திருக்க வேண்டும். தொடர்ந்து அங்கேயே வசிக்கும் எண்ணம் வேண்டும். மனுதாரரை அறிந்த பிரிட்டிஷ் பிரஜைகள் உறுதிமொழி கொடுக்க வேண்டும். போலீசார் விசாரிப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் கொடுப்பதும் மறுப்பதும் உள்துறை மந்திரியின் இஷ்டம். மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை.

இதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பு இதே சட்டத்தின் கீழ் மனுப் போட்டவர் கார்ல் மார்க்ஸ். 1849 முதல் லண்டனிலேயே வாழ்ந்தவர். 1874-ல் அவருடைய மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை. போலீசார் அவருக்கு எதிராக அறிக்கை கொடுத்திருந்த விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. 1883-ல் மார்க்ஸ் எந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லாமலே இறந்தார்.

கான்ராடுக்கு அந்தக் கதி நேரவில்லை. இங்கிலாந்து மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்து 8 ஆண்டுகள் அப்போதுதான் முடிந்திருந்தன. அந்த 8 ஆண்டுகளில் பெரும் பகுதி கடலிலேயே கழிந்தது. கரையில் அவருக்கு இருந்தது வாடகை அறை மட்டுமே. ஆனாலும் மனு ஏற்கப்பட்டது. 1886-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி அவர் பிரிட்டிஷ் பிரஜை ஆனார். மனு கொடுத்து ஏழு வாரத்துக்குள் காரியம் முடிந்தது. ராஜ விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

அதே ஆண்டு நவம்பர் 10-ந் தேதி கேப்டன் பரீட்சையிலும் தேறினார். அதிலும் ஒரு முறை தோற்ற பிறகே வெற்றி கிடைத்தது. நாடிழந்த கவிஞரின் மகன், இங்கிலாந்தின் கொடியைப் பறக்கவிடும் கப்பலைச் செலுத்தத் தகுதி பெற்றுவிட்டார்.

விடாத ரஷ்யா

பிரிட்டன் சேர்த்துக்கொண்டது. ரஷ்யா விட்டுவிடவில்லை.

1870-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு ஷரத்து இருந்தது. ஒருவர் முன்பு எந்த நாட்டின் பிரஜையோ, அந்த நாடு தன் சட்டப்படி அவரை விடுவிக்காத வரையில், அந்த நாட்டின் எல்லைக்குள் அவரை பிரிட்டிஷ் பிரஜையாகக் கருத முடியாது. உலகம் முழுதும் செல்லும் காகிதம் அவர் பிறந்த ஊரில் மட்டும் செல்லாது. தாய்மாமனைப் பார்க்கப் போய்ப் பிடிபட்டால் பிரிட்டிஷ் அரசு கை கொடுக்காது.

எனவே லண்டனில் இருந்த ரஷ்யத் தூதரகத்துக்குப் பலமுறை நடந்தார். தந்தையைச் சிறையில் தள்ளிய, தாயின் மரணத்துக்குக் காரணமான அரசின் அதிகாரிகள் முன்னால் பணிவாக நின்று விண்ணப்பித்தார். இடையே வேலைக்கும் போய் வந்தார். 1888-ல் ஒட்டாகோ என்ற கப்பலுக்குக் கேப்டனானார். பாங்காக், சிட்னி, மொரீஷியஸ் என்று பயணம் செய்தார்.

1889-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி ரஷ்ய உள்துறை அவரைப் பிரஜா பந்தத்திலிருந்து விடுவித்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் பனி மூடிய பாதையில் தாய்மாமன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வயதான மாமனும் 32 வயது மருமகனும் அந்த வீட்டில் இரண்டு மாதம் சேர்ந்து இருந்தார்கள். 1894-ல் மாமன் காலமானார். 1895-ல் வெளியான தமது முதல் நாவலைக் கான்ராட் அவருடைய நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

பேனா பிடித்த கேப்டன்

அந்த நாவலின் பெயர் 'ஆல்மேயர்ஸ் பாலி'. 1889-ல் லண்டன் வாடகை அறையில் தொடங்கி, கப்பல் கப்பலாகக் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிச் சுமந்து எழுதி முடித்தார். 1890-ல் ஆப்பிரிக்காவின் காங்கோ நதியில் நீராவிப் படகு வேலைக்குப் போனபோதும் அது பெட்டியில் இருந்தது. காங்கோவில் ஐரோப்பியர்கள் நடத்திய கொள்ளையையும் கொடுமையையும் கண்டு, நோயாளியாகத் திரும்பினார். அதுவே 1899-ல் 'ஹார்ட் ஆப் டார்க்னெஸ்' கதையானது. 'லார்டு ஜிம்', 'நாஸ்ட்ரோமோ', 'தி சீக்ரெட் ஏஜெண்ட்' என்று அடுத்தடுத்து நாவல்கள் வந்தன. கடைசி நாவலில் லண்டனில் உள்ள ஒரு வெளிநாட்டுத் தூதரகம் வருகிறது. தூதரகப் படிகளில் ஏறி இறங்கிய அனுபவம் வீண் போகவில்லை.

1896-ம் ஆண்டு மார்ச்சில் ஜெஸ்ஸி ஜார்ஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். இங்கேயும் அந்தக் காகிதத்தின் பலன் தெரிந்தது. அன்றைய சட்டப்படி மனைவி கணவனின் நாட்டுப் பிரஜை. அன்னியனை மணக்கும் ஆங்கிலப் பெண், பிறந்த நாட்டிலேயே அன்னியளாகிவிடுவாள். 1949-ம் ஆண்டு பிறக்கும் வரை இந்த நிலை முழுவதுமாக மாறவில்லை. 10 ஆண்டுகளுக்கு முன்பே கான்ராட் குடியுரிமை பெற்றிருந்ததால் ஜெஸ்ஸிக்கு அந்த இழப்பு நேரவில்லை.

புகழ் வந்தது. பணம் லேசில் வரவில்லை. 50 வயதைத் தாண்டியும் கடன் தொல்லை, மூட்டுவலித் தொல்லை. 1910-ல் அரசு ஆண்டுக்கு 100 பவுன் உதவித்தொகை கொடுத்தது. 1914-ல் நூலாக வெளிவந்த 'சான்ஸ்' நாவல்தான் அவரைக் கடனிலிருந்து கரையேற்றியது.

வேறொரு வலியும் இருந்தது. போலந்தின் புகழ்பெற்ற எழுத்தாளர் எலீசா ஓஷெஷ்கோவா 1899-ல் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பணத்துக்காகப் பிறந்த நாட்டையும் மொழியையும் விட்டுப் போனவர் என்பது குற்றச்சாட்டு. கான்ராட் மனம் நொந்து போனார். அந்தப் புண் ஆறவே இல்லை. இங்கிலாந்திலோ அவருடைய உச்சரிப்பைக் கேட்டவர்கள் கடைசி வரை அவரை வெளிநாட்டுக்காரராகவே எண்ணினார்கள்.

வளர்ந்த ஊரில் எதிரி

1914-ம் ஆண்டு ஜூலையில் மனைவியையும் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு கிராக்கோவுக்குப் போனார். தாம் படித்த ஊரையும் தந்தையின் கல்லறையையும் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. போய் இறங்கிய சில நாட்களிலேயே முதல் உலகப் போர் மூண்டது. ஆகஸ்டு 12-ந் தேதி பிரிட்டன் ஆஸ்திரியா மீது போர்ப் பிரகடனம் செய்தது. கிராக்கோ ஆஸ்திரியாவின் நகரம். கான்ராட் குடும்பம் பிரிட்டிஷ் பிரஜைகள். சிறுவனாக வளர்ந்த ஊரிலேயே அவர் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்.

சாகோபானே என்ற மலை ஊரில் இரண்டு மாதம் பதுங்கி இருந்தார்கள். வியன்னாவில் இருந்த அமெரிக்கத் தூதர் பென்பீல்டு கைகொடுத்தார். அவருடைய உதவியால் வியன்னா வழியாக இத்தாலிக்குத் தப்பி, நவம்பர் தொடக்கத்தில் லண்டன் வந்து சேர்ந்தார்கள். 1920-ல் வெளியான 'தி ரெஸ்க்யூ' நாவலைக் கான்ராட் அந்தத் தூதருக்குக் காணிக்கையாக்கினார்.

விதி விளையாடும் விதத்தைப் பாருங்கள். 1872-ல் ஆஸ்திரியா அந்தச் சிறுவனைப் பிரஜையாக ஏற்றிருந்தால், 1914-ல் அவர் இங்கிலாந்தில் எதிரி நாட்டாராக முகாமில் அடைபட நேர்ந்திருக்கும். மறுக்கப்பட்ட மனு அவரைக் காப்பாற்றியது. ஏற்கப்பட்ட மனு அவரை ஆபத்தில் தள்ளியது.

மூத்த மகன் போரிஸ் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸ் போர்முனையில் போரிட்டார். 1918-ல் விஷவாயு தாக்கி, பாதிக்கப்பட்டுத் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில், 123 ஆண்டுகளுக்குப் பிறகு, போலந்து மீண்டும் சுதந்திர நாடாயிற்று. தந்தை எதற்காக உயிரைத் தேய்த்தாரோ, அதை மகன் கண்ணால் கண்டார். ஆனால் திரும்பிப் போய்க் குடியேறவில்லை. வேர் வேறு மண்ணில் இறங்கிவிட்டது.

கல்லறையில் பிழை

1924-ம் ஆண்டு பிரதமர் ராம்சே மக்டொனால்டின் அரசு அவருக்கு சர் பட்டம் வழங்க முன்வந்தது. கான்ராட் மரியாதையுடன் மறுத்துவிட்டார். பல்கலைக்கழகங்கள் கொடுக்க வந்த கவுரவப் பட்டங்களையும் அவர் ஏற்றதில்லை. இங்கிலாந்திடம் அவர் கேட்டு வாங்கியது குடியுரிமைச் சான்றிதழ்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி கென்ட் மாவட்டத்தில் பிஷப்ஸ்பர்ன் கிராமத்தில் உள்ள வீட்டில் மாரடைப்பால் காலமானார். வயது 66. கான்டர்பரி நகரக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கப்பல் பதிவேடுகளில் அவர் பெயரை எழுதிய கிளார்க்குகள் ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள். அதனால்தானோ என்னவோ, புத்தகங்களில் ஜோசப் கான்ராட் என்று சுருக்கிக்கொண்டார். கல்லறையில் மட்டும் போலிஷ் குலப் பெயரும் சேர்த்துப் பொறிக்கப்பட்டது. அதிலும் தியோடோர் என்ற பெயர் டியாடோர் என்று பிழையாக விழுந்துவிட்டது. பிழையுள்ள அந்தக் கல் இன்றும் அங்கே நிற்கிறது. ஆங்கிலத்தில் நாவல் படிக்கிறவர்கள் அதைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.